எழுபது வளைவும் ஒரு கிழட்டுக் காரும்

மலை ஏறும்போது மனிதனுக்கு மூச்சு வாங்கும். வயதான காருக்கு ஜுரம் வரும். இரண்டையும் ஒருசேரப் பார்க்க விரும்புகிறவர்கள் கொல்லிமலைக்குப் போகலாம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! எண்ணிக்கொண்டே போகலாம், எண்ணாமல் கண்ணை மூடிக்கொண்டும் போகலாம். அது அவரவர் வயிற்றைப் பொறுத்த சமாசாரம்.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளைகிற குளிர்ந்த பூமி. உயரம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை. மலைமேல் கோயில் கொண்டிருக்கும் அறப்பளீசுவரர் மீதுதான் அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடினார்.

அந்த ஈசுவரனுக்கு என் நண்பருடைய தாயார் ஒரு பிரார்த்தனை செய்து கொண்டிருந்தார். அம்மாளுக்கு எண்பது வயது நெருங்குகிறது. "பஸ்ஸிலே போகலாம் அம்மா" என்று மகன் சொன்னதற்கு, "உங்கப்பா வாங்கின வண்டி இருக்கறப்போ பஸ் எதுக்குடா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த வண்டி 1982-ஆம் வருஷத்து அம்பாஸடர். அந்த ரகமே 2014-ல் உற்பத்தி நின்றுபோய்விட்டது. வாங்கியவரும் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. வீட்டில் அவர் நினைவாக ஓடிக் கொண்டிருப்பது இது ஒன்றுதான்.

வண்டியை ஓட்ட ஒரு நாமக்கல்காரர் வந்தார். லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பேர் போன ஊர் அல்லவா? இவரும் முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். சேந்தமங்கலம் கடைவீதியில் ஊர்ந்தபோதும், காளப்பநாயக்கன்பட்டி சாலையில் பறந்தபோதும் வண்டி சாதுவாகத்தான் வந்தது. முப்பது வளைவு தாண்டியதும் சூட்டைக் காட்டும் முள் சாவதானமாக மேலே ஏறத் தொடங்கியது.

டிரைவர் வளைவில் நிறுத்தவில்லை. சற்று அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். ஒரு நிமிஷம் எஞ்சினைக் கொஞ்சம் வேகமாகவே ஓடவிட்டார். முள் இறங்கவில்லை, நிறுத்திவிட்டார்.

நண்பர் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க சார்! மூஞ்சி வெந்து போயிருமுங்க."

அது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1,200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி என்றால், அதே உயரத்தில் 108 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த மறுகணம் அழுத்தம் போய், அவ்வளவும் கொதித்து முகத்தில் பீறிடும்.

ஆற விட்ட அரை மணி நேரமும் டிரைவர் சும்மா இருக்கவில்லை. நாடி பார்க்கும் வைத்தியரைப் போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். விசிறி பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார், தளரவில்லை. ரேடியேட்டரின் முகத்தில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் தட்டிவிட்டார். காற்றை அடைக்கும் அளவுக்கு இல்லை. கீழே சொட்டு இல்லை. ரப்பர் குழாய்கள் உப்பவும் இல்லை, சப்பவும் இல்லை.

"மலைக்கு மட்டும் சூடாகுது, கடைவீதியிலே ஆகலே. விசிறி கெட்டிருந்தா மொதல்லே கடைவீதியிலேதானுங்க காட்டும்" என்றார்.

பிறகு எண்ணெய்க் குச்சியை உருவினார். அதைப் பார்க்கும்போதுதான் அவர் முகத்தில் கவலை தெரிந்தது. எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கும் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருக்கும். அப்படியானால் பிரயாணம் அங்கேயே முடிந்தது. மேற்கொண்டு ஓட்டினால் எஞ்சினே போய்விடும். அம்மாள் காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

எண்ணெய் கறுப்பாகத்தான் இருந்தது!

நன்றாக ஆறியதும் ஈரச் சாக்கை மேலே போட்டு, மூடியைப் பாதி திருகி, ஆவியை வெளியேற்றிவிட்டுத் திறந்தார். தண்ணீர் கொஞ்சம் குறைந்து துருநிறமாக இருந்தது. வாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு காறை. எஞ்சினைக் கிளப்பி, அது ஓடும்போதே கேனிலிருந்த தண்ணீரை மெல்ல ஊற்றினார். சூடான இரும்பில் குளிர்ந்த நீரை மடமடவென்று கொட்டினால் விரிசல் விடும். உள்ளே குமிழி வரவில்லை. கேஸ்கட் பயம் ஓய்ந்தது. சற்று நேரத்தில் மேல் குழாய் சட்டென்று சுட்டது, தண்ணீரும் ஓடுவது தெரிந்தது. ஆகவே தெர்மாஸ்டாட்டும் பம்பும் தங்கள் வேலையைச் செய்கின்றன.

கடைசியாக எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டர் முழுவதும் உள்ளங்கையால் தடவினார். ஓரங்கள் சுட்டன, நடுவில் இரண்டு இடங்கள் சில்லென்று இருந்தன.

"இதாங்க வியாதி. போர்த் தண்ணியை வருஷக்கணக்கா ஊத்தி, உப்புப் படிஞ்சு பாதிக் குழாய் அடைச்சிருக்குது. சமதரைக்குப் பாதி போதும், மலைக்குப் பத்தாது."

"திரும்பிடலாமா அண்ணே?" என்றார் நண்பர்.

"கேஸ்கட்டா இருந்தா நானே திருப்பியிருப்பேனுங்க. இது மெதுவாப் போனா போயிரும். பத்து வளைவுக்கு ஒருக்கா நிக்கோணும், அவ்வளவுதான்."

மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு போகாமல் இரண்டாவதிலேயே ஏறினார். எஞ்சின் சுழலும் வேகத்தில்தான் விசிறியும் பம்பும் சுழலும். முக்கினால் உஷ்ணம் கூடும், காற்றோ குறையும். நாற்பதில் ஒரு நிறுத்தம், ஐம்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூலிகை வாசனையோடு காற்று வீசியது. கீழே வயல்கள் கோலம் போட்டாற்போல் தெரிந்தன. வேகமாகப் போயிருந்தால் இதையெல்லாம் யார் பார்த்திருப்பார்கள்?

எழுபதாவது பலகையைக் கண்டதும் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அறப்பளீசுவரர் சந்நிதியில் மாலை தீபாராதனை கிடைத்தது. பக்கத்தில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மறுநாள் காலையில் நாங்கள் இறங்கி ஏறி வரும்வரை அம்மாள் கோயில் வாசலில் டிரைவருடன் பேசிக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது முள் அசையவே இல்லை. ஆனாலும் பிரேக் காயாமல் இருக்க அதே இரண்டாவது கியர்தான்.

நாமக்கல்லில் ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்கிப் பிரித்து, குழாய்களுக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினார்கள். சுண்ணாம்பு போல ஒரு கைப்பிடி விழுந்தது. இனிமேல் கூலன்டும் வாலைவடி நீரும்தான் ஊற்ற வேண்டும் என்றார் பட்டறைக்காரர். நண்பர் தலையாட்டினார். அம்மாளோ அடுத்த ஆடி விழாவுக்குப் போக நல்ல நாள் எது என்று டிரைவரிடம் விசாரித்துக் கொண்டிருந்தார்.