சக்கரம் தத்திய காரணம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணவன் மோட்டார் வண்டியின் சக்கரத்தைக் குறித்து எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் நகைக்கக்கூடும். சங்கப் பாடல்களில் வரும் தேரைப் பற்றியும் அதனைச் செலுத்தும் வலவனைப் பற்றியும் எழுதுதலே உனக்குத் தக்கது என்பாரும் உளர். யான் எழுதப் புகுவதும் ஒரு வலவனைப் பற்றியதேயாம். அவர் என் தந்தையார்.

எங்கள் இல்லம் திருவொற்றியூரில் உள்ளது. டயருக்கும் வண்டிக்கும் பெயர்பெற்ற நிலப்பகுதி இது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ஆம் ஆண்டில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தோன்றியது இவ்வூரிலேயே. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி, 1955 முதல் அசோக் லேலண்டு எனப் பெயர் பூண்ட நிறுவனத்தின் தொழிற்சாலை அடுத்துள்ள எண்ணூரில் இருக்கிறது. இத்தகைய ஊரில் வளர்ந்தும், டயர் என்பது உருளுகின்ற கறுப்பு வளையம் என்பதற்கு மேல் யான் ஒன்றும் அறிந்திலேன். அவ்வறியாமையால் என் தந்தையார்க்கு ஒரு பெருந்தீங்கு இழைக்க இருந்தேன்.

தந்தையார் 22 ஆண்டுகள் கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் லாரி ஓட்டினார். துறைமுக வாயிலை நோக்கி நிற்கும் லாரி வரிசையில் இரவு பகலாகக் காத்திருத்தலும், கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் நோதலும் அவர்க்குப் பழகிப்போயின. நோவு மிகுந்தமையால் அத்தொழிலை விட்டு, இராயபுரத்து வணிகர் ஒருவரிடம் டிரைவராக அமர்ந்தார். சென்ற ஆண்டு அவ்வணிகர் புதிய வண்டியொன்று வாங்கினார். எஸ்.யூ.வி. என்னும் பெரிய வகையினது. அவ்வகையுள்ளும் மிகு விரைவுக்கெனவே அமைக்கப்பட்டது. அதன் டயர்கள் அகன்றவை, பக்கச்சுவர் குட்டையானவை. தந்தையார் அதனைத் தம் கையாலேயே கழுவுவார். பிறரைத் தொட விடார்.

சென்ற ஜனவரி மாதத்தில் வணிகர் குடும்பத்தோடு உதகைக்குச் சென்றார். ஆங்கு ஒருநாள் விடியலில், புல்லின்மேல் உறைபனி வெளுத்துக் கிடந்த வேளையில், விடுதியின் குறுகிய முற்றத்திலிருந்து வண்டியை வெளியே கொணரவேண்டியதாயிற்று. தந்தையார் ஸ்டீயரிங்கை முழுமையும் ஒடித்து மெல்ல நகர்த்தினார். ஒடித்தல் என்பது ஓட்டுநர் வழக்கு. உடனே முன்சக்கரங்கள் உருளாமல் பக்கவாட்டில் தத்தின. தடதடவென்று ஓசை எழுந்தது. வண்டி முழுவதும் அதிர்ந்தது. வணிகர் பதறி இறங்கி வந்து, "வண்டியை எங்கே இடித்தாய்?" என்று வினவினார்.

சென்னைக்கு மீண்டபின் வண்டியைப் பட்டறையில் விட்டனர். இரண்டு நாள் சோதித்தார்கள். முழுமையும் ஒடித்துப் பார்த்தார்கள், சக்கரம் தத்தவில்லை. வண்டியில் குறையொன்றும் இல்லை என்று எழுதித் தந்தார்கள். வண்டியிற் குறையில்லையெனில் ஓட்டியவனிடத்தே குறை என்பது வணிகரின் துணிபு. "கவனமின்றி ஓட்டினேன் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிடு, மன்னித்து விடுகிறேன். இன்றேல் வேறிடம் பார்த்துக்கொள்" என்றார்.

அவ்விரவு தந்தையார் உணவில் மனம் செல்லாது அமர்ந்திருந்தார். என் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் நாள் அணித்தாயிருந்தது. யான் அதனையே எண்ணினேன். "ஒரு வரிதானே அப்பா, எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "டயர் தேய்த்து இழுத்தது, தம்பி. நான் செய்யாததை எப்படி எழுதுவேன்?"

"பட்டறையில் தத்தவில்லையே" என்றேன்.

அதற்கு அவர் விடை கூறவில்லை. பொய்ச்சான்று சொல்லாதிருக்க வேண்டும் என்பதனை ஞாயிற்றுப் பள்ளியில் எனக்கு மனப்பாடம் செய்வித்தவர் அவரே. அவரைப் பார்த்து, அவர்க்கெதிராகவே பொய்ச்சான்று எழுதுமாறு யான் வேண்டினேன் என்பது அவ்வேளையில் எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாட் காலையில், "என்னோடு வா" என்று அழைத்துச் சென்றார். எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து கன்டெய்னர் கிடங்கொன்றுக்குத் திரும்பும் முனையில் நின்றோம். நீண்ட டிரெய்லரொன்று மெல்ல வளைந்து உள்ளே நுழைந்தது. அதன் பின்புறத்தே மூன்று அச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. தலைப்பகுதி திரும்ப, அவ்வச்சுகளில் உள்ள டயர்கள் உருளுவதோடு பக்கவாட்டிலும் இழுபட்டன. அவற்றின் அடிப்பாகம் முறுக்கப்பட்ட துணிபோற் கோணியது. லாரி சென்றபின் தரையைக் காட்டினார். வில்வில்லாகக் கரிய கோடுகள் படிந்திருந்தன. நாள்தோறும் அவ்வழியே கடற்கரைக்குச் சென்றவன் யான். அக்கோடுகளை ஒருபோதும் நோக்கியதில்லை.

தந்தையார் மணலில் குச்சியாற் கீறி விளக்கினார். வண்டி வட்டமாகத் திரும்புங்கால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி வட்டம் உண்டு. அவ்வட்டங்கட்கெல்லாம் நடுப்புள்ளி ஒன்றாக இருந்தால் சக்கரங்கள் இனிது உருளும். டிரெய்லரின் மூன்று அச்சுகளோ ஒன்றற்கொன்று இணையாக நிலைத்தவை. ஆதலின் ஓரச்சு வட்டத்தோடு ஒத்துப்போனால் முன்னதும் பின்னதும் எதிரெதிர்ப் பக்கமாகத் தேய்ந்தே தீரும். "அங்கே பின்சக்கரம், உதகையில் முன்சக்கரம். சண்டை ஒன்றுதான்" என்றார். ஆயின் சென்னையில் அது தத்தாமை ஏன் என்பது அவர்க்கும் விளங்கவில்லை.

அதனை அறியும் கடன் எனதாயிற்று. பௌதிக வகுப்பு நண்பரொருவர் துணையோடு கல்லூரி நூல்நிலையத்தில் சில மாலைகள் கழித்தேன். அறிந்ததைச் சுருங்கக் கூறுவல்.

நம் கட்டைவண்டிக்கு இத்தொல்லை இல்லை. அதற்கு அச்சு ஒன்றே. இரு சக்கரங்களும் தனித்தனியே சுழலும். நான்கு சக்கரம் வந்தவுடன் தொல்லை பிறக்கிறது. திருவாரூர் ஆழித்தேரை வீதி முனையில் திருப்புங்கால் சக்கரங்களின்கீழ் இரும்புத் தகடு இட்டு மசகு தடவுவர். உருண்டு திரும்பவியலாத சக்கரம் வழுக்கித் திரும்புதற்கு அஃதே வழி. மேனாட்டுக் குதிரைவண்டிக்கு வேறொரு வழி கண்டவர் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் கேயார்க் லாங்கென்ஸ்பெர்கர் என்பவர். இரு முன்சக்கரங்களும் தத்தம் முளைகளில் வெவ்வேறளவில் திரும்புமாறு அவர் அமைத்தார். அதற்கு இங்கிலாந்தில் 1818-ஆம் ஆண்டு உரிமை பெற்றவர் ருடால்ப் ஆக்கர்மன். அவர் இலண்டனில் படமும் நூலும் வெளியிட்டு வந்த வணிகர்; எனினும் இன்றுவரை அவ்வமைப்பு ஆக்கர்மன் பெயராலேயே வழங்குகிறது. செய்தவன் பெயர் மறைந்து, பதிவு செய்தவன் பெயர் நிற்றல் எந்நாட்டிலும் உண்டு போலும்.

அவ்வமைப்பின்படி வளைவின் உட்புறத்துச் சக்கரம் மிகுதியாகவும் வெளிப்புறத்துச் சக்கரம் குறைவாகவும் திரும்புதல் வேண்டும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.9 மீட்டரும், முன்சக்கரங்கள் திரும்பும் முளைகட்கிடையே 1.6 மீட்டரும் உள்ள வண்டியைக் கொள்வோம். உட்சக்கரம் 38 பாகை திரும்பினால் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 29 பாகையே திரும்புதல் முறை. மிகு விரைவுக்கென அமைந்த வண்டிகளிலோ, பெருவேகத்தில் வளைவு கடக்கும்போது வண்டி ஓட்டுநர் சொற்படி நிற்றல்வேண்டி, இவ்வேற்றுமையைக் குறைத்து இரு சக்கரங்களையும் இணைக்கு நெருங்க அமைப்பதுண்டு. வேகத்துக்கு நலம் தரும் அவ்வமைப்பு, முற்றத்தில் முழுமையும் ஒடித்துத் திருப்புங்கால் இரு சக்கரங்களையும் இருவேறு வழிக்கு இழுக்கிறது.

டயர் குறுகியதும் நெகிழ்வதுமாயின் அவ்வேறுபாட்டைத் தன்னுள்ளே பொறுத்துக்கொள்ளும். அகன்று விறைத்த டயர் பொறாது. அது தரையைப் பற்றிக்கொண்டு வில்போல முறுகும், முறுக்கம் எல்லை கடந்ததும் விடுபட்டுத் துள்ளும், மீண்டும் பற்றும். கரும்பலகையின்மேல் சாக்குக்கட்டியை விறைப்பாகப் பிடித்துத் தள்ளினால் கோடு விழாது, புள்ளி புள்ளியாகத் தத்திச் செல்வதை நாம் வகுப்பில் கண்டதில்லையா? அத்தகையதே இதுவும். ஆங்கிலம் பேசுவோர் இதற்கு நண்டின் பெயரால் ஒரு சொல் வழங்குகின்றனர். பக்கவாட்டில் ஓடும் நண்டை நாடோறும் காணும் நெய்தல் நிலத்தாராகிய எமக்கு அச்சொல்லின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும்.

இனி, உதகையில் தத்தியது சென்னையில் தத்தாமை ஏன்? வெப்பக்காலத்துக்கெனச் செய்யப்படும் டயரின் ரப்பர், வெம்மை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இறுகத் தொடங்கும். உறைபனி வெளுத்த உதகை விடியலில் அவ்வண்டியின் டயர் மரக்கட்டைபோல் விறைத்திருந்தது. இராயபுரத்திலோ ஜனவரி விடியலிலும் அத்தகைய குளிர் இல்லை. பட்டறையார் சோதித்ததோ நண்பகல். டயர் நெகிழ்ந்து பொறுத்துக்கொண்டது. பட்டறையார் கூறியது மெய்; என் தந்தையார் கூறியதும் மெய். இரண்டும் மெய்யாதல் கூடும் என்று எண்ணாதிருந்ததே எங்கள் பிழை.

இவ்வளவையும் கேட்ட தந்தையார், வண்டியின் முன்பெட்டியில் ஒரு தடித்த புத்தகம் உண்டென்றும், அது ஆங்கிலமாதலால் தாம் திறந்ததில்லை என்றும் கூறினார். மறுநாள் யான் உடன்சென்று புரட்டினேன். குளிர்ந்த நாளில், ஸ்டீயரிங்கை முழுமையும் திருப்பி மெதுவாகச் செலுத்துங்கால் முன்சக்கரங்கள் தத்துதலும் ஓசை எழுதலும் கூடும். அது பழுதன்று என்று நான்கு வரிகள் அதில் இருந்தன. வணிகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அவர் அதனை இருமுறை படித்தார். மன்னிப்பு என்னும் சொல் அவர் வாயில் வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "மறுபடி உதகைக்குப் போனால் என்ன செய்வது?" என்று தந்தையாரைக் கேட்டார்.

"கொஞ்சம் குறைவாக ஒடித்து, ஒருதரம் கூடுதலாகப் பின்வாங்கி எடுத்தால் போதும், ஐயா. அடிக்கடி போவதானால் குளிரில் இறுகாத டயர் மாட்டலாம்."

"சரி, நீ சொல்வதுபோலவே செய்" என்றார் வணிகர். கையொப்பத்தைப் பற்றிய பேச்சு பின்னர் எழவில்லை.

முல்லைப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன் தன் தேர்ப்பாகனை வியந்து பாராட்டுவதை வகுப்பிற் படிக்குங்கால், அதனை ஒரு மரபு என்றே குறித்து வைத்திருந்தேன். தேரின் இயல்பைத் தலைவனினும் பாகனே அறிவான் என்பது அம்மரபின் உள்ளே நிற்கும் உண்மை என இப்பொழுது உணர்கிறேன். நூல்நிலையத்தில் யான் அறிந்துகொண்டது தந்தையார் மணலில் கீறியதன் எச்சமே. அவர் கீறியிராவிடின் எந்நூலைத் தேடுவது என்றே எனக்குத் தெரிந்திராது.

அன்று வீடு திரும்பும் வழியில் அவரிடம் மன்னிப்பு வேண்ட வாயெடுத்தேன். சொல் வரவில்லை. கிடங்கின் முனையை அடைந்தபோது, தரையில் கிடந்த கரிய வில்லொன்றைக் காலால் தொட்டு, "இது நேற்றையது" என்றார். சிறிது தூரம் நடந்தபின், "கட்டணம் என்றைக்குக் கட்டவேண்டும், தம்பி?" என்று கேட்டார்.