மொட்டைமாடியில் ஒரு பயிற்சி

கனடாவில் வாழும் எங்கள் மகள்வழிப் பேர்த்தி, சென்ற ஆடி மாதம் விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வந்திருந்தாள். வயது 13. காலணியின் அடியில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு, பனித்தரையில் வழுக்கிச் சென்று துள்ளியும் சுழன்றும் ஆடும் பிகர் ஸ்கேட்டிங் பயில்கிறாள். ஐந்து வாரம் பனியே இல்லாவிடில் கற்றது வீணாகாதோ என்று நாங்கள் இருவரும் கவலையுற்றோம். "பாதிப் பயிற்சி தரையிலதானே, தாத்தா!" என்று அவள் சிரித்தாள்.

சிம்லாவில் 1920 முதல் இயற்கைப் பனித்தரை ஒன்று உண்டு. 2025இல் சீனாவின் ஹார்பின் நகரில் நடைபெற்ற ஆசியக் குளிர்கால விளையாட்டுகளில் தாரா பிரசாத் என்ற பெண் இந்தியாவின் சார்பில் ஆடினார். எங்கள் ஊரிலோ கிடைத்தது மொட்டைமாடியும் ஆடிக்காற்றும்தான்.

விடியுமுன் மாடியேறுவாள். கயிறு தாண்டி உடலைச் சூடாக்குவாள். பின், ரப்பர் விரிப்பின்மீது துள்ளி, காற்றில் சுழன்று, பின்னோக்கி ஒற்றைக்காலில் இறங்கி அசையாது நிற்பாள். அந்தரத்தில் கிடைப்பது அரை விநாடிக்குச் சற்றே கூடுதலாம். அதற்குள் இரண்டு மூன்று சுற்றுகள் முடிய வேண்டுமாயின் கைகளை மார்போடு ஒடுக்க வேண்டும். உடல் ஒடுங்க ஒடுங்கச் சுழற்சி விரைகிறது. இறங்கும்போதோ உடல் எடையைப்போலப் பன்மடங்கு பாரம் அந்த ஒரு காலில் விழுகிறது. சறுக்குக் காலணி விறைப்பானது. கணுக்காலை அதிகம் மடங்கவிடாது. ஆகவே தொடையும் இடுப்பும் வயிற்றுத் தசைகளும் அதைத் தாங்கியாக வேண்டும். அவற்றை உறுதியாக்கவே இந்தத் தரைப் பயிற்சி.

கண்களை மூடி ஒற்றைக்காலில் நிற்பதும் அதில் ஒன்று. ஊர் ஆடித்தபசுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம். கோமதியம்மனின் ஒற்றைக்கால் தவத்தை அறிந்த பக்கத்து வீட்டு அம்மாள், "உங்க பேத்தியும் தபசு நிக்கிறாளா?" என்று கைப்பிடிச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டார்.

ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து உறவினர் சிலர் வீட்டிற்கு வந்திருந்தனர். பெருமை எங்கள் கண்ணை மறைத்தது. கால்களை இருபுறமும் நீட்டித் தரையோடு தரையாக அமர்ந்து காட்டச் சொன்னோம். "உடம்பு இன்னும் சூடாகலையே" என்றாள். நாங்கள் விடவில்லை, இப்போது ஒற்றைக்காலில் நின்றவர்கள் நாங்கள். எங்கள் சொல்லைத் தட்ட மனமின்றி அமர்ந்தவளின் முகம் வாடிற்று. பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டுவிட்டது. மீன் கடையிலிருந்து பனிக்கட்டி வாங்கி வந்து துணியில் சுற்றி வைத்தோம். இந்த ஊரில் அவள் கண்ட பனி அது ஒன்றே.

மருத்துவர் எங்களைத்தான் கடிந்துகொண்டார். இந்த வயதில் எலும்பு விரைந்து நீள்கிறது, தசை பின்தங்குகிறது, வளைந்த உடலே சிலகாலம் இறுகிப்போவதுண்டு. அப்போது வலிந்து வளைப்பது கேடு. முதலில் கைகால்களை வீசி அசைத்துச் சூடேற்ற வேண்டும். நீட்டிப் பிடித்து நிற்பதெல்லாம் பயிற்சியின் முடிவில்தான். இளம் உடல் எப்படியும் வளையும் என்றல்லவா நாங்கள் எண்ணியிருந்தோம்! பெரியோர் பிரிவில் போட்டியிடும் குறைந்த வயதை 15இலிருந்து படிப்படியாக 17ஆக உயர்த்த உலக ஸ்கேட்டிங் அமைப்பு 2022இல் முடிவு செய்ததும், வளரும் பிள்ளைகளின் உடலையும் மனத்தையும் காப்பதற்கே என்பதைப் பின்னர் அறிந்தோம்.

பன்னிரண்டு நாள் துள்ளல் இல்லை. அவள் எங்கள்மீது முகம் சுளிக்கவுமில்லை. அதுவே எங்களுக்கு அதிகம் வலித்தது. அந்நாட்களில் சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்தும் பயிற்சியைப் பாட்டிக்குக் கற்றுக்கொடுத்தாள். முழங்கால் வலிக்காரியான பாட்டி முதல் நாள் மூன்று முறை செய்தாள், இப்போது பதினைந்து.

புரட்டாசியில் தொலைபேசியில் பேசினாள். பனியில் இறங்கிய முதல் நாளே இருமுறை விழுந்தாளாம். கால் வலிக்கவில்லையாம்.