கடிக்கிற நாய்க்கு ஒரு வேலை

எங்கள் வீரன் கோம்பை இனம். தேனிப் பக்கம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த வம்சம், தாடையும் அதற்கேற்றது. அந்தத் தாடை இப்போது சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் வாழ்கிறது. பஞ்சு அடைத்த பொம்மை எதுவும் அவனிடம் பிழைத்ததில்லை. சோபாவின் கை, கதவின் அடி விளிம்பு எல்லாவற்றிலும் பல் பதிந்திருக்கிறது. வருகிறவர்கள் "சேட்டை ஜாஸ்தி" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குட்டி கடிப்பது பல் முளைக்கிற குடைச்சலால். ஏழெட்டு மாதத்துக்குள் 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் வந்துவிடும். அதற்குப் பிறகும் வளர்ந்த நாய் வீட்டையே குதறுகிறது என்றால், பெரும்பாலும் அதற்குப் பொழுது போகவில்லை.

உழைத்துத் தின்பதில் விலங்குகளுக்கு ஒரு நாட்டம் உண்டு. 1963-இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு பேர்போனது. கிண்ணத்தில் தீனி சும்மாவே கிடந்தும், பல எலிகள் கம்பியை அழுத்தி வரவழைத்துத் தின்றன. வீரனிடம் நான் பார்ப்பதும் இதைத்தான். தட்டில் வைத்தால் ஒரே மூச்சில் காலி. பிறகு வீட்டைச் சுற்றுவான். அதே சாப்பாட்டை ரப்பர் பொம்மைக்குள் அடைத்துக் கொடுத்தால், முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நக்குவான், உருட்டுவான், தூக்கித் தரையில் போடுவான். உள்ளே கடைசிப் பருக்கை வரை தீர்ந்ததும் அங்கேயே சாய்ந்து தூங்கிவிடுவான்.

இந்த வகைப் பொம்மைகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது 'காங்'. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்ட், கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் தன் வோக்ஸ்வேகன் வேனைப் பழுதுபார்க்கும்போது கழற்றிப் போட்ட ஒரு ரப்பர் பாகத்தை அது கவ்விக்கொண்டு விடவே இல்லை. அந்த வடிவத்திலிருந்து பிறந்ததுதான் அடுக்கடுக்கான அந்தக் கூம்பு. கல்லை விட்டு நாய் ரப்பருக்கு மாறியது என்பதைத்தான் வாங்கப் போகிற நாம் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால், பலமாகக் கடிக்கிற நாய்க்கு இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கிவிடுகிறோம். வேகவைத்துக் காய்ந்த எலும்பு, மான் கொம்பு, கல் மாதிரி இருக்கும் நைலான். இவற்றைக் கடித்தால் பல் உடையும். மேல்தாடையின் இரு பக்கமும் உள்ள பெரிய நான்காம் முன்கடைவாய்ப் பல்தான் அதிகம் அடிபடுகிறது. ஒரு சில்லு பெயர்ந்து பற்கூழ் வெளியே தெரிந்தால் அந்த வலியோடுதான் நாய் சாப்பிட வேண்டும். அது வாய்விட்டுச் சொல்லாது. ஒரு பக்கமாக மென்றுகொண்டு நாட்களை ஓட்டும். கடையில் பொம்மையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது உள்வாங்க வேண்டும். துளியும் உள்வாங்காத எதுவும் நாயின் வாய்க்கு ஆகாது.

அதனால்தான் என் தேர்வு இயற்கை ரப்பர். நம் குமரி மாவட்டத் தோட்டங்களில் விடியுமுன் வெட்டி எடுக்கிறார்களே, அந்தப் பாலிலிருந்து வருவது. கந்தகம் சேர்த்துச் சூட்டில் பதப்படுத்திய ரப்பர், அழுத்தினால் அமுங்கும், விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். காங்கிலேயே சிவப்பு சாதாரணக் கடிக்கு, கறுப்பு முரட்டுக் கடிக்கு. குட்டிகளுக்கும் பல் தளர்ந்த கிழ நாய்களுக்கும் இன்னும் மெத்தென்று தனி ரகம் உண்டு. தெருவில் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்து வேண்டாம். அதன் மேல்துணி உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும்.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. பொம்மை வாய்க்குள் முழுசாகப் போய்க் கடைவாய்க்குப் பின்னால் நழுவும் என்றால் அது தொண்டையை அடைக்கும். ஓட்டை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரே ஓட்டை இருந்தால், நாய் நக்க நக்க உள்ளே காற்று குறைந்து நாக்கு சிக்கிக்கொள்ளும். வீங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. நாக்கை இழந்த நாய்கள் உண்டு.

அடைப்பதற்கு நம் அடுக்களையே போதும். உப்பு, தாளிப்பு இல்லாத தயிர்சோறு, வேகவைத்து எலும்பு நீக்கிய கோழி, மசித்த பூசணி. முதல் சில நாள் தளர்வாக அடையுங்கள். தீனி வெளியே வராவிட்டால் நாய் வெறுத்துவிடும். பழகியதும் ஃப்ரீசரில் உறைய வைத்துக் கொடுத்தால் சித்திரை மத்தியானம் நிம்மதியாகக் கழியும். அடைத்த அளவைச் சாப்பாட்டில் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எடை ஏறும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சைலிடால் என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள். கொஞ்சம் போதும், நாய்க்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும், கல்லீரலும் கெடலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நஞ்சு.

கிழியவே கிழியாத பொம்மை என்று எந்தக் கம்பெனி விளம்பரம் செய்தாலும் நம்ப வேண்டாம். புதுப் பொம்மையை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். தினமும் கழுவும்போது விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வெடிப்போ, துண்டு காணாமல் போன குழியோ தட்டுப்பட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அன்றே குப்பையில் போடுங்கள். விழுங்கிய ரப்பர் துண்டு குடலை அடைத்தால் அறுவை சிகிச்சைதான்.