யென்னில் கடன், டாலரில் வட்டி

டோக்கியோ



ஊரிலிருந்து போனில் பேசும் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்கிறார்கள்: "ஜப்பானில் வட்டியே கிடையாதாமே? அங்கே கடன் வாங்கி இங்கே எஃப்.டி.யில் போட்டால் உட்கார்ந்த இடத்தில் வருமானம்தானே?"

உலகின் பெரிய நிதி நிறுவனங்கள் முதல் இந்நகரத்து இல்லத்தரசிகள் வரை காலங்காலமாகச் செய்துவரும் வியாபாரம்தான் இது. வட்டி குறைந்த நாணயத்தில் கடன் வாங்கி, வட்டி கூடிய நாணயத்தில் போட்டு, இடையில் நிற்கும் வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது. 'கேரி டிரேட்' என்பார்கள். 1999இல் ஜப்பான் மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. 2016இல் மைனஸ் 0.1 சதவிகிதத்துக்கே இறக்கியது. சேமிப்புக்கு ஒன்றும் தேறாமல் அலுத்துப்போன குடும்பங்கள் வீட்டிலிருந்தபடியே டாலரும் ஆஸ்திரேலிய டாலரும் வாங்கத் தொடங்கின. வெளிநாட்டுச் சந்தைக்காரர்கள் இவர்களுக்கு 'மிஸஸ் வத்தனாபே' என்று பொதுப்பெயரே சூட்டிவிட்டார்கள்.

2024 ஜூலைத் தொடக்கத்துக் கணக்கைப் பாருங்கள். ஒரு டாலர் சுமார் 161 யென். அமெரிக்காவில் வட்டி 5.25 முதல் 5.50 சதவிகிதம், ஜப்பானில் 0.1 சதவிகிதத்தைத் தாண்டவில்லை. 10,000 டாலர் வாங்கி வைத்தவருக்குத் தினமும் 200 யென்னுக்கு மேல் கணக்கில் ஏறும். இதற்கு 'ஸ்வாப்' என்று பெயர். புதன் இரவைத் தாண்டினால் சனி, ஞாயிறுக்கும் சேர்த்து மூன்று நாள் ஸ்வாப் மொத்தமாக வரும். அந்த 10,000 டாலருக்கான 16 லட்சம் யென் கையில் இருக்க வேண்டியதுமில்லை. கட்டும் பணத்தைப் போல 25 மடங்கு வரை வாங்கச் சட்டம் அனுமதிப்பதால் ஏறக்குறைய 64,000 யென் முன்பணமாக, அதாவது 'மார்ஜின்' ஆகக் கட்டினால் போதும். தினம் 200 யென் என்பது அந்த 64,000க்கு எவ்வளவு பெரிய வருமானம்! ஆசை பிறப்பது இங்கேதான்.

ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவிகிதமாக்கியது. இரண்டே நாளில் அமெரிக்காவின் வேலைவாய்ப்புக் கணக்கும் மோசமாக வந்தது. வட்டி வித்தியாசம் சுருங்கும் என்ற எண்ணத்தில் யென் ஏறியது. யென்னில் கடன் வாங்கியவர்கள் அதை அடைக்க யென்னையே வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் வாங்க வாங்க அது இன்னும் ஏறியது. ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142 யென்னுக்கு அருகே வந்துவிட்டது. அன்றைக்கு ஜப்பான் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 4,451 புள்ளிகள், 12.4 சதவிகிதம் சரிந்தது. அதுவரை ஒரே நாளில் அத்தனை புள்ளிகள் விழுந்ததே இல்லை. 10,000 டாலர் வைத்திருந்தவருக்கு ஒரு மாதத்தில் வந்த ஸ்வாப் சுமார் 7,000 யென், போனது சுமார் 1,90,000 யென். மார்ஜினில் நின்றவரின் கணக்கைத் தரகு நிறுவனமே பாதி வழியில் மூடியிருக்கும்.

2008இலும் இதே கதைதான். ஜூலையில் 100 யென்னுக்கு மேல் விற்ற ஆஸ்திரேலிய டாலர் அக்டோபரில் 60க்கும் கீழே போனது.

எஃப்.டி. கேள்விக்கு வருகிறேன். 2024 ஜூலைத் தொடக்கத்தில் 10 லட்சம் யென் கடன் வாங்கி ஊருக்கு அனுப்பியிருந்தால் ஏறக்குறைய 5,20,000 ரூபாய் வந்திருக்கும். 7 சதவிகித வட்டியில் இரண்டரை மாதத்துக்கு 7,500 ரூபாய் சேர்ந்திருக்கும். ஆனால் செப்டம்பர் நடுவில் அதே 10 லட்சம் யென்னைத் திருப்பிக் கட்ட ஏறக்குறைய 6,00,000 ரூபாய் தேவைப்பட்டது.

வட்டி அதிகமான நாணயம் காலப்போக்கில் மதிப்பிழந்து அந்த லாபத்தைச் சரிக்கட்டிவிடும் என்கிறது பாடப்புத்தகம். நடப்பில் பல ஆண்டுகள் அப்படி ஆவதில்லை. அதனால்தான் புத்திசாலிகளும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் துளித்துளியாக வருவது சில நாட்களில் போய்விடுகிறது. இழப்பைத் தாங்கும் பெரிய கைகளுக்கு அந்த வட்டி வித்தியாசம் ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி. மாதச் சம்பளக் குடும்பம் அந்தச் சுமையை ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தளங்களில் மார்ஜின் கட்டி நாணய வியாபாரம் செய்யப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருவதில்லை. அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. வாட்ஸாப்பில் யாராவது 'தினசரி வட்டி' என்று அழைத்தால், பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பெயர் அதில் இல்லாததால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அனுமதி பெற்றவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.