அவன் வாசித்தது தப்பில்லை



நேற்று பேத்தி ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தாள். "தாத்தா, நைஃப்னு சொல்றதுக்கு முன்னாடி எதுக்கு ஒரு கே? அதை யாரும் சொல்றதே இல்லையே!"

"அது சைலண்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று இத்தனை வருடம் வகுப்பில் சொன்ன பதில் வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஆங்கில மொழியின் வரலாற்றைக் கொஞ்சம் படித்ததுதான் காரணம்.

அந்த 'கே' சும்மா உட்கார்ந்திருக்கும் எழுத்து இல்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கத்தியை 'க்னீஃப்' என்றே சொன்னார்கள். 1400-இல் மறைந்த கவிஞர் சாசரின் காலத்தில், போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' கிட்டத்தட்ட 'க்னிஹ்ட்' என்று ஒலித்தது. நடுவில் வரும் ஜி, எச் இரண்டும் சேர்ந்து, அண்ணத்தை உரசி வரும் ஒரு காற்றொலி. ஜெர்மானியர்கள் இன்றும் முழங்காலை 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள்.

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். புத்தகங்கள் பெருகப் பெருக எழுத்து கெட்டிப்பட்டது. நாக்கு சும்மா இருக்குமா? 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் 'க்' உதிரத் தொடங்கியது. ஜி, எச் உரசல் சில சொற்களில் மறைந்தது. 'லாஃப்', 'இனஃப்' போன்றவற்றில் 'ஃப்' ஆனது. ஒலி போய்விட்டது, எழுத்து நின்றுவிட்டது.

எல்லா ஊமை எழுத்தும் அப்படி அல்ல. கடன் என்னும் 'டெட்'டில் உள்ள 'பி'யை ஆங்கிலேயர் உச்சரித்ததே இல்லை. லத்தீன் மூலச் சொல்லைக் காட்டப் படித்தவர்கள் பின்னாளில் செருகியது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. எண்பதுகளில், ஐந்தாம் வகுப்பு, கடைசி வரிசைப் பையன். எழுந்து நின்று 'க்னைஃப்' என்று வாசித்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பத்து முறை எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் வாய்விட்டு வாசிக்கவில்லை.

எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி வாசித்தவன் அவன். இன்றைய உச்சரிப்பை நான் சொல்லிக்கொடுத்தது சரி, சிரித்தது தப்பு. தம்பி, இது உன் கண்ணில் பட்டால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

ஆசிரியர் வேலைக்குப் போன என் பிள்ளைகளே, ஒரு குழந்தை அப்படி வாசித்தால், "பழைய காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், இப்போது இப்படி" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

முழுவதையும் கேட்டுவிட்டுப் பேத்தி சொன்னாள்: "அப்போ அந்தப் பையனுக்கு நீங்க மார்க் போட்டிருக்கணும் தாத்தா."

போட்டிருக்கணும்தான்.

அன்புடன்,
உங்கள் சார்