அம்மாவின் கூலி

எங்கள் ஊரான கோம்பையில் பல வீடுகளில் அடுப்பெரிவது மலையில் கிடைக்கும் வேலையால்தான். விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும்; கம்பம்மெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும். என் அம்மாவும் அப்படிப் போனவர்தான். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரைக்கு அருகே நீளும் சரத்தில் காய்க்கும். முதுகு நிமிராமல் முற்றிய காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். மழை நாளில் காலில் அட்டை ஏறும். இத்தனையும் கண்டு வளர்ந்தும், பள்ளிப் படிவத்தில் 'பெற்றோர் தொழில்: கூலி' என்று எழுதும்போது எனக்குக் கூசும்.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பது, ஆங்கிலத்தில் புழங்கும் 'கூலி'யின் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, குஜராத்தின் கோலி சமூகப் பெயரையும் நம் கூலியையும் சேர்த்தே அந்த ஆங்கிலச் சொல்லின் வேர்களாகப் பேசுகிறது. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து அப்படி ஆட்களை ஏற்றிப் போன ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. பிறகு அந்த மண்ணில் இந்தியர் எல்லோருமே 'கூலி' ஆனார்கள். காந்திகூட 'கூலி பாரிஸ்டர்'தான்.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்க வேண்டியது, உழைக்கிறவர் கூலியாள். கொடுக்க வேண்டியதன் பெயரை ஆங்கிலம் ஆளின் மேலேயே ஒட்டிவிட்டது. 'கூலிக்கு மாரடிப்பது' என்று இளப்பமாகப் பேச நாமும் பழகியிருக்கிறோம். ஆனால் வள்ளுவர் 619ஆம் குறளில், மெய்வருந்தி முயன்றதன் பலனையே கூலி என்கிறார்.

ரயில் நிலையத்தில் சுமை தூக்குவோரை இனி 'கூலி' என்னாமல் 'சகாயக்' (உதவியாளர்) என்று அழைக்கப்போவதாக 2016 ரயில்வே பட்ஜெட் அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பெயர் மாறினால் தலைச்சுமை குறையாது. கைக்கு வரும் காசும் கூடாது.

அம்மா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், "ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்" என்று இப்போது வாய் நிறையச் சொல்கிறேன். என் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களிடம் கூலியை முதலிலேயே பேசிவிடுவேன். பொழுது சாய்வதற்குள் முழுதாகக் கொடுத்துவிடுவேன். வேலை முடிந்த பிறகு அது அவர்கள் பணம். அதை என் பையில் வைத்திருக்க எனக்கு உரிமையில்லை.