நெருப்பைப் பொறுக்கும் உருக்கு

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலராசிரியர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ ஓர் உலோகத்தைப் பற்றி. அதற்குக் காரணம் என் தந்தையார்.

பசறைப் பகுதித் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்புக்கு விறகிடுவதே அவர் தொழில். அவ்வியந்திரத்துட் புகும் காற்று ஏறக்குறைய 95 பாகை செல்சியஸ் சூடுடையது. சுமார் 20 நிமிடத்தில் அது தேயிலையின் ஈரத்தை நூற்றுக்கு 3 பங்களவிற்குக் குறைத்துவிடும். அடுப்பின் நெருப்பும் புகையும் இரும்புச் சுவருக்கும் குழாய்களுக்கும் உள்ளே செல்லும். தூய காற்று அவற்றின் புறத்தே தழுவிச் சூடேறும். புகை தேயிலையைத் தீண்டலாகாது என்பதே இவ்வமைப்பின் உயிர்.

1991-ஆம் ஆண்டில் ஒருநாள் தேயிலையிற் புகைவாடை ஏறிற்று. விறகைச் சீராக எரிக்கவில்லை என்ற பழி அப்பாமீது விழுந்தது. பல்லாண்டு நின்ற அடுப்படியினின்றும் நீக்கி அவரை மலைக்கு அனுப்பினர். சின்னாட்களின் பின் அடுப்பைக் குளிரவிட்டுத் திறந்தபோது, நெருப்புக்கு அண்மையிலிருந்த தகடு செதில் செதிலாய் உதிர்ந்து வெடித்திருந்தது. தகட்டை மாற்றினர், அப்பாவை மீண்டும் அழைத்தாரில்லை. “இரும்பும் களைத்துப்போகும், தம்பி” என்று மட்டும் அவர் கூறினார்.

அச்சொல்லின் பொருள் எனக்கு முற்றும் விளங்கியது சென்ற ஆண்டிலேதான். என்னிடம் தமிழ் பயின்ற மாணவரொருவர் இன்று தேயிலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறார். அவர் ஒரு சிறு தகட்டுத் துண்டை என் மேசைமீது வைத்து, “சேர், இதுதான் 310. நெருப்புப் படுகிற இடத்துக்கு இதைத்தான் போடுகிறோம்” என்றார். அன்று மாலை அவர் ஆசிரியர், யான் மாணவன்.

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி என்பார், துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்க முயலுங்கால் குரோமியம் கலந்த கறையில் உருக்கைக் கண்டார். அதன் வழிவந்தவற்றுள் ஒன்றே 310. நல்ல எவர்சில்வர்ப் பாத்திரத்தில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள்ளன. 310-இலோ குரோமியம் 25 பங்கு. நிக்கல் 20 பங்கு.

சாதாரண இரும்பு 550 பாகையைக் கடந்தால் காற்றிலுள்ள ஒட்சிசனால் விரைந்து அரிபட்டுச் செதிலாய் உதிரும். செதில் விழவே உள்ளிரும்பு வெளிப்பட்டு அதுவும் அரிபடும். விறகு நெருப்பின் சூடோ இவ்வெல்லைக்கு மிக மேற்பட்டது. 310-இல் உள்ள குரோமியம், மேற்பரப்பில் இறுகிய மெல்லிய படலமொன்றைத் தோற்றுவித்துக் காக்கும். அப்படலம் கீறுண்டால் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். இஃது மேற்பூச்சன்று; உருக்கும்போதே கலந்த குணம். நிக்கல் அதன் கட்டமைப்பை நிலைநிறுத்திச் சூட்டிலும் உறுதி தரும். ஆதலின் 310 காற்றில் ஏறக்குறைய 1,100 பாகை வரை தாங்கும்.

இதற்கும் குறைகளுண்டு. 650 முதல் 900 பாகை வரையுள்ள சூட்டில் நெடுங்காலம் கிடப்பின் நொறுங்குந் தன்மை எய்தும். கந்தகம் மிகுந்த எரிபொருளின் புகை இதனைத் தாக்கும். சாதாரண உருக்கினும் மிகுதியாக விரிவதால் இடைவெளி விட்டே பொருத்துதல் வேண்டும். நிக்கல் மிகுதலின் விலையும் அதிகம். எனவே நெருப்புத் தீண்டும் இடத்துக்கு மட்டுமே இது தக்கது. தேயிலை பரவும் தட்டுகளுக்கு வேண்டியதில்லை.

எந்த உலோகமாயினும் தன் அளவிற்கு மேற்பட்ட சூட்டைப் பொறாது. அன்றைய தகடு தன்னாலியன்ற மட்டும் பொறுத்தது. அப்பாவும் பொறுத்தார். அவர் இன்று நம்மிடையே இல்லை; அத்தகட்டுத் துண்டை அவர் படத்தின் கீழ் வைத்துள்ளேன்.

நமது பழைய மாணவருட் சிலர் ஊவாத் தோட்டங்களில் தொழிற்சாலை அதிகாரிகளாயும் பொறியியலாளராயும் விளங்குகின்றனர். அவர்களுக்கு இத்தமிழாசிரியனின் விண்ணப்பம் ஒன்றுண்டு: புகைவாடை எழும்போது முதலில் அடுப்பைத் திறந்து பாருங்கள்; அடுப்படியில் நிற்பவரை அதன் பின்னர் விசாரியுங்கள்.